மூங்கில் முட்டிய சந்து

கிட்ட வாங்க கண்ணுங்களா, வேப்பம்பட்டுச் சந்தில் ஒரு மூங்கில் முட்டி நின்ற கதை சொல்கிறேன். உச்சிவெயில். தீயணைப்பு நிலையத்து பக்தவத்சலம் ஊரைப் படமாக வரைகிறார். வண்டியின் அகலத்துக்கு வெட்டிய மூங்கிலைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக நடக்கிறார். மூங்கில் நுழைந்தால் படத்தில் நீலக்கோடு, முட்டினால் சிவப்பு. இங்கே துலுக்கானத்தின் வைக்கோல் போரில் முட்டுகிறது. சந்தின் கோடியில் பஞ்சவர்ணத்தின் குடிசை. மேலே புது ஓலை, கீழே கரி படிந்த பழைய சுவர். “போன வருசம் என் ஊடு எரியசொல்ல வண்டி இங்கியேதான் நின்னுச்சி சார்,” என்கிறாள். துலுக்கானம் சிரிக்கிறான். “போரு இன்னிக்குக் கீது, நாளைக்கு மாடு துன்னுடும். அத்தப் போயி வரைவீங்களா சார்?” “நெருப்பு இன்னிக்கே வந்தா இன்னா பண்ணுவே அண்ணாத்தே?” என்கிறாள் பஞ்சவர்ணம். பக்தவத்சலம் சிவப்புப் பென்சிலால் போர் இருக்கும் இடத்தில் புள்ளி வைத்து, அங்கிருந்து சந்தின் கோடிவரை விரலை ஓட்டிக் காட்டுகிறார். பஞ்சவர்ணத்தின் குடிசைக்கு முன்னால் இருக்கும் துலுக்கானத்தின் வீடும் அந்த விரலுக்கடியில் வருகிறது. துலுக்கானத்தின் சிரிப்பு நிற்கிறது. “இரு சார், கோட்டப் போடாத.” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வைக்கோலை அள்ளுகிறான். மறுபக்கம் பஞ்சவர்ணமும் அள்ளுகிறாள். வெயிலில் தூசி பொன்னாகப் பறக்க, மூங்கில் மெல்ல உள்ளே நுழைகிறது. உங்கள் வீட்டு வழி என்றும் திறந்தே கிடக்கட்டும் கண்ணுங்களா. நெருப்பு உங்கள் அடுப்போடு நிற்கட்டும்.