இருபது வருடக் குத்தகை

அப்பா இறந்த பதினேழாம் நாள், தில்லி கோல் மார்க்கெட்டில் வக்கீல் சாந்தகுமாரியின் அலுவலகத்தில், அவர் எதிரே அகல்யா உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அப்பா இளஞ்செழியன் ஒரு கபடி அணியின் முதலாளி. போன வருடம் அணிக்காக ஓர் உள்விளையாட்டு அரங்கத்தை இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தார். அணியையே விழுங்கிவிடும் வாடகை. அன்று சண்டை போட்ட அகல்யா, அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை.

"குத்தகையை எப்படியாவது ரத்து பண்ணணும், ஆன்ட்டி. இல்லேன்னா டீமைக் கலைச்சிடணும்."

"அது தானாவே முடிஞ்சு போச்சும்மா."

"இன்னும் பத்தொன்பது வருஷம் இருக்கே?"

"இருபது வருஷத்துக்குக் குறைஞ்சு தரமாட்டேன்னார் அரங்கத்துக்காரர். உங்கப்பா, 'அச்சா, சரி, நான் செத்தா குத்தகையும் முடியும்னு ஒரு வரி சேர்த்துடுங்க'ன்னார். ஆள் திடமா இருக்காரேன்னு அவரும் ஒத்துக்கிட்டார்."

"திடீர்னு மாரடைப்பு வரும்னு யாருக்குத் தெரியும்?"

"அப்பாவுக்குத் தெரியும். இதயம் ஒரு வருஷம்தான் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டார். ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா இங்க வந்துதான் கையெழுத்துப் போட்டார்."

அகல்யா மேஜை மேலிருந்த குத்தகைப் பத்திரத்தை இழுத்து, கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போனதும் பொண்ணுகிட்ட நானே சொல்லிடறேன்னாரே. சொல்லலையா?"

கையெழுத்துப் போட்ட அன்று மாலை, அப்பா காரணம் சொல்ல வாய் திறப்பதற்குள், அவள் சண்டை போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள்.