பளபளப்பு வேண்டாம்

"பளபளப்பே கூடாதுண்ணே. எல்லாம் மேட் ஃபினிஷ்தான்."

மருமகள் சொன்னதும் மாமியாருக்குச் சுருக்கென்றது.

பாலிஷ்காரர் இரண்டு மாதிரிப் பலகைகளை ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தார். ஒன்று வெயிலில் தகதகத்தது. மற்றொன்றில் மர ரேகை தெரிந்ததே தவிர, மினுமினுப்பு மருந்துக்கும் இல்லை.

"இது என்ன, எண்ணெய் காணாத தலை மாதிரி!" என்றாள் மாமியார்.

"அம்மா சொல்றதுதான் சரி மேடம். நல்ல தேக்கு. பளபளப்பு வார்னிஷ் அடிச்சா வீடே ஜொலிக்கும்."

"ஜொலிக்க வேண்டாம். கதவு, அலமாரி, மாடிக் கைப்பிடி, சாப்பாட்டு மேஜை, ஒண்ணு விடாம மேட்."

"அப்புறம் ஏன் மின்னலைன்னு என்னைக் கேக்கக் கூடாது."

"மின்னினாதான் கேப்பேன்."

மாமியார் மகனிடம் திரும்பினாள். "தீ விபத்துல தப்பிப் பொழைச்சு, உன் தங்கச்சி ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா இங்கதான் வர்றா. வீடு பளிச்சுனு இருந்தா அவ மனசுக்கு இதமா இருக்காதா?"

மகன் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "போன் வருது" என்று நழுவினான். போன் வரவே இல்லை.

அன்று மாலை மாமியார் தன் தங்கையிடம் கொட்டித் தீர்த்தாள். "நாத்தனார் வர்றான்னதும் வீட்டையே அழுது வடிய வைக்கிறாடி. ஆகாதவ வந்தா கசக்கத்தானே செய்யும்!"

வேலை தொடங்கியது. பிரஷ் ஓடிய இடமெல்லாம், வெளிறிக் கிடந்த மரத்துக்குள்ளிருந்து தேன் நிறத்தில் ரேகைகள் எழுந்து வந்தன. மணலில் நீர் ஓடிய தடம்போல வளைந்து, பிரிந்து, மறுபடி கூடின. கையில் இருந்த டீ ஆறுவது தெரியாமல் மாமியார் வாய்பிளந்து நின்றாள். மருமகள் வரும் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லா வந்திருக்குல்ல அத்தை?"

"ம்... ஏதோ இருக்கு."

மகள் வந்தாள். சால்வையால் முகத்தை மூடி, தரையைப் பார்த்தபடியே காரிலிருந்து இறங்கினாள். வழி நெடுக அப்படித்தான் வந்தாளாம்.

உள்ளே ஓர் அடி வைத்தாள். தயங்கி இன்னோர் அடி. கதவருகே ஓரக்கண்ணால் பார்த்தாள். சாப்பாட்டு மேஜைமேல் குனிந்தாள். அதன் ரேகை ஒன்றை விரலால் மெல்லத் தொடர்ந்து போனாள். சால்வை தோளுக்கு நழுவியது. அவள் அதை இழுத்து மூடவில்லை.

தலையை நிமிர்த்தி வீடு முழுக்க நடந்தாள்.

மாமியார் அவள் பின்னாலேயே போனாள். டாக்டர்கள் கெஞ்சியும் நிமிராத தலை அது! கண்ணெதிரே ஏதோ அதிசயம் நடக்கிறது, என்னவென்றுதான் புரியவில்லை.

நடந்து முடித்து, மகள் தன் அண்ணியின் எதிரே வந்து நின்றாள்.

"அண்ணி... இந்த வீட்ல கண்ணாடியே இல்லையா?"

மருமகள் அவளுடைய தழும்பேறிய கன்னத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள்.

"இருக்கும்மா. உன் அலமாரிக்குள்ள, கதவோட உள்பக்கம். எப்போ பார்க்கணும்னு தோணுதோ, அப்போ நீயே திறந்து பாரு. அதுவரைக்கும் இந்த வீட்ல எந்த மரமும் உன் முகத்தை உனக்குக் காட்டாது."