கதிர்வேலின் வெளிநடப்பு

சங்ககிரி ரோட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்க, நடுரோட்டில் ஷாமியானா போட்டு உட்கார்ந்திருந்தார் கதிர்வேல். தலைக்கு மேலே பேனர்: 'எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்காதே.'

அவர் ஊராட்சியின் முன்னாள் தலைவர். அடுத்த தேர்தலுக்கும் வெள்ளை வேட்டியோடு தயாராக இருந்தார். ஊராட்சியே இல்லாமல் போனால் எதில் நிற்பது? தன்னுடைய இந்தக் கவலையை ஊரின் கவலையாக்கிக் காலையிலிருந்து மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

பேசுவதில் கெட்டிக்காரர், கேட்டுத்தான் பழக்கமில்லை. மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின வாரம் நகராட்சி ஆணையர் மைதிலி ஊருக்கு வந்து கூட்டம் போட்டார். அந்தம்மா மைக்கைக் கையில் எடுத்ததுமே கதிர்வேல் வெளிநடப்புச் செய்தார். ஊரே பின்னால் எழுந்து போனது. பேப்பரில் படம் வரவில்லை என்பதுதான் அவருக்கு ஒரே குறை.

"தெனமும் தண்ணி வருது. குப்பை வண்டி வாசலுக்கே வருது. ஒரு தெருவெளக்கு அணையல," என்றார் இப்போது. "உள்ளூர் ஆட்சின்னா இதுதானுங்க. இதைத் தூக்கி அவங்க கையில குடுக்கணுமா?"

பதவி போய் ஒரு வருஷம் ஆன பிறகும் தன் நிர்வாகம் இவ்வளவு சிறப்பாக நடப்பதில் அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். தான் போட்ட அடித்தளம் அப்படி என்று முடிவு கட்டியிருந்தார்.

சாட்சிக்கு, முன்வரிசையில் இருந்த முத்தாயம்மாளிடம் மைக்கை நீட்டினார்.

"ஆமாங்க சாமி. பண்டிகைக்கப்பறம் ஒருநாளும் தண்ணி தவறல. நீங்க தலைவரா இருக்கயில கூட இப்படி வந்ததில்லீங்க."

மைக் உடனே கைமாறியது.

அப்போது ஜீப்பில் வந்து இறங்கினார் மைதிலி. நேராக வந்து மைக்கைக் கேட்டார். கதிர்வேல் வழக்கம்போல எழுந்தார். முன்னால் லாரி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் அவரே கூட்டிவந்த கூட்டம். நடக்க வழியில்லாமல் திரும்ப உட்கார்ந்தார்.

உட்கார்ந்தபடியே மடக்கினார். "ஏனுங்கம்மா, எங்க ஊரை உங்ககூடச் சேர்த்தா இந்தத் தண்ணி இதே மாதிரி வருமுங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

கூட்டம் கைதட்டியது. தட்டி ஓயும்வரை மைதிலி காத்திருந்தார்.

"அந்தத் தண்ணியே நாங்க விடறதுதானுங்க," என்றார். "அன்னைக்குச் சொல்ல வந்தேன், எந்திரிச்சுப் போயிட்டீங்க. உங்க ஊரைச் சேர்த்தாச்சு."