கட்டிலுக்கடியில் டூல்ஸ் பெட்டி

சேலம் மாவட்டத்திலேயே அறிவியல் மனப்பான்மை உள்ள ஆள் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு. கல்லூரிக்குப் பக்கம் என்பதால் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறேன்.

தோமினிக் மாமா லாரி மெக்கானிக். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று பக்கவாதத்தில் விழுந்தார். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. இப்போது தெருவில் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாமா முன்னறைக் கட்டிலில் ஃபேனைப் பார்த்தபடி கிடக்கிறார்.

இன்னாசிமேரி அத்தை தினமும் சாயங்காலம் அவர் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காதருகே செய்தி சொல்வாள். தக்காளி என்ன விலை, கோவிலில் யாருக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள், எதிர்வீட்டு நாய் இன்று யாரைத் துரத்தியது.

நான் அதற்கு இன்னாசிமேரி வானொலி நிலையம் என்று பெயர் வைத்திருந்தேன். மொத்த நேயர்கள் ஒருவர். அவரும் ரேடியோவை அணைத்துவிட்டார்.

"அவருக்குக் கேக்கும் கண்ணு" என்பாள் அத்தை.

கேட்காது என்று படம் வரைந்தே விளக்கினேன். மூளையை வரைந்து, எந்த இடம் செத்துப்போனது என்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக் காட்டினேன். மூளை கொஞ்சம் முந்திரிக்கொட்டை மாதிரி வந்துவிட்டது. ஆனாலும் அத்தை நம்பினாள். படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அடுத்தது பெட்டி.

மாமாவின் டூல்ஸ் பெட்டி கட்டிலுக்கடியிலேயே இருந்தது. எழுந்ததும் தேடுவார் என்று அத்தை அதை நகர்த்த விடவில்லை. அவ்வப்போது வெளியே இழுத்து, ஸ்பேனர்களுக்கு எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்தும் வைத்தாள். வராத ஒன்றுக்குக் காத்திருப்பது வந்த நோயைவிடப் பெரிய நோய் என்று நான் பாடம் எடுத்தேன். பெட்டியை விற்றுவிடச் சொல்லி, சாப்பிடும்போதெல்லாம் எடுத்தேன்.

"அத வித்துட்டா, இனி எந்திரிக்கமாட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமே."

அதைத்தான் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறேன் என்றேன். அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் கோவிலுக்கு நவநாள் செபத்துக்குப் போனப்புறம் ஆளை வரச்சொல்லு. என் கண்ணு முன்னால வேண்டாம்."

இன்று செவ்வாய்க்கிழமை. அத்தை அந்தோனியார் நவநாளுக்குப் போனதும் வெண்ணந்தூரிலிருந்து தமிழரசு வந்தான். சொந்தமாகப் பட்டறை வைக்கப்போகிற மெக்கானிக். என் வயதுதான் இருக்கும். பெட்டியை இழுத்துக் கட்டிலோரமே குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான்.

"ஏனுங்க, அவரு தலமாட்டுலயே உக்காந்து வெலை பேசறோம். கேக்காதுங்களா அவருக்கு?"

"கேக்காதுங்க. இனி எந்திரிக்கவும் மாட்டாரு. அவரப் பொறுத்தவரைக்கும் நீங்க, நான், அந்த ஃபேனு, எல்லாம் ஒண்ணுதான். நான் படிக்கறதே அதுதானுங்க."

சத்தமாகவே சொன்னேன். அறிவியலை முணுமுணுக்கக் கூடாது.

தமிழரசு மரியாதையாகத் தலையாட்டினான். ஆட்டியதில் கையிலிருந்த பெரிய ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது.

"ஏன்டா, கைய என்ன வாடகைக்கா எடுத்துட்டு வந்த?"

நான் சொல்லவில்லை. தமிழரசுவும் சொல்லவில்லை.

அவன் எழுந்து, கைகட்டி, கட்டிலைப் பார்த்து நின்றான். "இல்லீங்கண்ணா, தெரியாம நழுவிருச்சுங்கண்ணா."

பட்டறையில் ஸ்பேனரைக் கீழே போட்ட எவனும் மாமாவிடம் இந்தக் கேள்வியை வாங்காமல் தப்பியதில்லை. இப்போது வாய் கோணித்தான் வந்தது. ஆனால் முழுசாக வந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

இந்த அறையில் நான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. வானொலி நிலையம். அணைத்த ரேடியோ. சற்றுமுன் சொன்ன ஃபேன்.

மாமா ஃபேனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை இத்தனை நாள் காத்திருந்தது இந்தக் குரலுக்கு. அது வந்தபோது அவள் கோவிலில் முழங்காலில் இருந்தாள். அவள் காதில் விழ வேண்டியது என் காதில் விழுந்திருக்கிறது.

ஸ்பேனரை எடுத்து மறுபடி கீழே போட்டேன். ஒன்றுமில்லை. சின்ன ஸ்பேனரைப் போட்டேன். சுத்தியலைப் போட்டேன். தமிழரசு தன் பங்குக்கு ஜாக்கி ராடைப் போட்டான். டைல்ஸில் விரிசல் விழுந்தது. மாமா வாய் திறக்கவில்லை.

"அண்ணா, இன்னொருக்கா திட்டுங்கண்ணா" என்று தமிழரசு கெஞ்சிக்கூடப் பார்த்தான்.

பிறகு இரண்டு பேரும் எல்லாவற்றையும் பொறுக்கிப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினோம். அப்புறம் விலையைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாசல்வரை போனவன் திரும்பி, என்னை விட்டுவிட்டு மாமாவிடம், "வாரேனுங்கண்ணா" என்றான்.

அத்தை வர இன்னும் நேரமிருந்தது.

ஜன்னலை மூடினேன். ஸ்டூலை இழுத்துத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தேன். தக்காளி விலை எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு நாயையும் இன்று பார்க்கவில்லை.

குனிந்து, அவர் காதருகே மெதுவாகச் சொன்னேன்.

"மாமா, நரம்பியல் பேப்பர்ல நான் ஃபெயிலு மாமா. ரெண்டு தடவ எழுதியும் போயிருச்சு. அத்தைகிட்ட சொல்லிறாதீங்க."