மாசிலாமணியின் குரல்

"அழிச்சிடாதீங்க டாக்டரம்மா! அந்தக் குரல் இல்லன்னா மாடு ஒரு சொட்டு பால் குடுக்காது."

மாட்டுக் கொட்டகைத் தூணில் தொங்கிய சின்னப் பெட்டியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றாள் மாசிலாமணியின் மனைவி. ஒலக்கூர்ப் பக்கத்து அந்தக் கிராமத்தில் அவளை 'மாசிலாமணி வூட்டம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். சங்கவிக்கு அவள் வெறும் 'அம்மா'.

சங்கவி கால்நடை மருத்துவ ஆராய்ச்சி மாணவி. பழகிய குரலைக் கேட்டால் மாடு மிரளாது, நன்றாகப் பால் சுரக்கும் என்பது அவள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி. அதற்காகக் கறப்பவர்களின் குரலைப் பதிந்து, பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இப்போது எல்லா மாட்டுக்கும் ஒத்துவரும்படி ஒரே குரலைத் தயாரித்தாயிற்று. ஊர் ஊராகப் போய் அதை ஏற்றிவிட்டாள். இந்த ஒரு பெட்டிதான் பாக்கி.

"இன்னைக்கு மாத்தலேன்னா எங்க சார் என்னைத் தொலைச்சிடுவாரும்மா. புதுசை ஏத்தினா பழசு தானா அழிஞ்சிடும். நான் என்ன செய்யறது?"

"ஒருவாட்டி கேளுங்க. அப்புறம் சொல்லுங்க" என்று பொத்தானை அழுத்தினாள்.

செத்துப்போன மாசிலாமணி பேசினார்.

"பவுனு... எழுந்துட்டியா பவுனு? பனி கொட்டுது, மெதுவா எழுந்திரு. காலு வலி தேவலையா? வயித்தைக் காயப் போடாத, இன்னா? நான் எங்கியும் போவல. இங்கதான் நிக்கிறேன்."

சங்கவிக்கு அந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. "மைக்கைப் பார்த்ததும் எப்படி வெட்கப்பட்டார்! உங்களைக் கடைக்கு அனுப்பிட்டுத்தானே வாயையே திறந்தார்? மாட்டு மேல இவ்வளவு பாசமான்னு நாங்க பேசிக்கிட்டே போனோம்."

"புண்ணாக்கு வாங்கியான்னு தொரத்திவுட்டாரு. வூட்ல ஒரு மூட்டை கெடக்குது!" அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "விடியகாலைல இருமிக்கினே இந்தக் கொட்டாய்க்கு வருவாரு. நான் டீ ஆத்திக்கினு நிப்பேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்க மாட்டோம். ஆனா அது எவ்ளோ நல்லா இருக்கும் தெரியுமா?"

சங்கவி லேப்டாப் பையைக் கீழே வைத்தாள்.

"அவரு போனப்புறம் மாடு ஒதைக்குது. பாலை அடக்கிக்கிச்சு. ஒரே பேஜாரு. அப்பதான் மொத மொத இந்தப் பெட்டியைப் போட்டேன். குரலைக் கேட்டதும் செம்பு கை நழுவி வுழுந்துடுச்சு டாக்டரம்மா."

சங்கவிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சாரின் முகமும் ஞாபகம் வந்தது.

"சரிம்மா, இப்படிச் செய்வோம். புதுக் குரலை என் போன்ல போடறேன். நானே கறக்கறேன். மாடு பால் குடுக்கலேன்னா பெட்டியைத் தொடாம போயிடறேன். போதுமா?"

"குடுக்காது. பாத்துக்கினே இருங்க."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் ஓரமாக உட்கார்ந்தாள். சங்கவி போனை எடுத்தாள். யாரோ ஒரு பெண் தேன் குரலில் "வாடா செல்லம், வா வா" என்று கொஞ்சினாள்.

அந்தச் சிவப்பு மாடு காதை ஒரு தடவை ஆட்டியது. வேர்க்கடலைக் கொடியை மென்றபடி, வெட்கமே இல்லாமல் சுரந்தது. செம்பில் நுரை பொங்கியது.

"நன்றி கெட்டவளே! ஒரு நாளு அடக்கி வெச்சிருந்தா உனுக்கு இன்னா கொறைஞ்சிடும்?" என்று மாட்டைத் திட்டினாள் மாசிலாமணி வூட்டம்மா. திட்டும்போதே குரல் உடைந்தது.

சங்கவி லேப்டாப்பைத் திறந்து பெட்டியில் கேபிளைச் செருகினாள். மெலிந்த கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேணாம் டாக்டரம்மா."

"ஏம்மா இப்படி? பவுனுக்குப் புதுக் குரல் பிடிச்சுப் போச்சு. எவ்வளவு பால் பாருங்க!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த வயதிலும் முகத்தில் வெட்கம் வந்துவிட்டது.

"மாட்டுப் பேரு செவலை, டாக்டரம்மா. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து 'இந்தாமே'ன்னுதான் கூப்ட்டாரு, ஒருநாளும் பேரைச் சொன்னதில்ல... பவுனு நான்தான்."