நீலப்பூ கோப்பைகள்

"எட்டி விஜயம், இந்த நீலப்பூ பிஞ்ஞாணம் இன்னும் ஒண்ணு குறையுதே?"

கண்ணாடி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார் செல்லசாமி. விஜயம்மாவுக்குப் பகீரென்றது.

"நேத்து கழுவும்போ கைதவறி பொட்டிப் போச்சு."

"ம்..." என்றவர் சட்டையை மாட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறப் போய்விட்டார்.

பீங்கான் தட்டு உடையவில்லை. காரோடு என்ற ஊரில், மகள் ஆர்யாவின் வீட்டில் இருந்தது.

ஆர்யா, சர்ச்சுக்குப் போகும் வேதக்கார வீட்டுப் பையன் நிஜினைக் கட்டிக்கொண்டு போன அன்று, "இனி அவ பேரை இந்த வீட்டில எடுக்கப்பிடாது" என்றார் செல்லசாமி. "எனக்கும் அவ வேண்டாம்" என்று விஜயம்மாவும் சேர்ந்து கத்தினாள். எல்லாம் அவருக்குப் பயந்துதான்.

வெள்ளையில் நீலப்பூ போட்ட அந்த செட்டின்மேல் ஆர்யாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படியொரு பைத்தியம். கடையில் எத்தனை புது மாடல் வந்தாலும், "இதில தின்னாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்பாள். அதனால்தான் விஜயம்மா ஒவ்வொரு தட்டாகப் பழைய சேலையில் பொதிந்து கொண்டுபோய்க் கொடுத்து வந்தாள்.

ஆனால் இப்போது அலமாரியைப் பார்த்தவள் குழம்பிப்போனாள். கோப்பைகளிலும் பாதியைக் காணோம். அவற்றை அவள் தொட்டதே இல்லை.

சாயங்காலம் செல்லசாமி திரும்பி வந்ததும் மெதுவாகக் கேட்டாள். "கோப்பையும் குறையுதே?"

"பூனை தட்டியிருக்கும்."

"தட்டிட்டு, அலமாரியைச் சாத்திட்டா போச்சு?"

"எங்கிட்ட கேட்டா? நீயே பொட்டிச்சிட்டு மறந்திருப்ப!"

அந்தச் சொல் அவளை உலுக்கிவிட்டது. டிவியை விட்டுவிட்டுக் கோப்பையைத் தூக்குகிற கள்ளனும் உண்டா? இல்லை, தட்டோடு கோப்பையையும் கொடுத்துவிட்டு, கொடுத்ததையே மறந்து போனேனா?

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் காரோட்டுக்குப் போய் நின்றாள்.

ஆர்யாவின் சாப்பாட்டு மேசைமேல் நீலப்பூ கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. விஜயம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியது.

"மக்களே, இதையும் நானா கொண்டு வந்தேன்? எனக்கு ஒண்ணும் ஓர்மை இல்லியே!"

ஆர்யா திருதிருவென்று விழித்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இல்லம்மா. எல்லாம் அப்பா கொண்டு வந்ததாக்கும். 'அம்மைக்குத் தெரியண்டாம் மக்கா, அவளுக்கு உம்மேல இன்னும் கோவம் தீரல்ல'ண்ணு சொன்னாரு."