கழுவுகூலி

“ஐயாவின்ரை ஆசாரத்துக்கு ஐஞ்சு சதம்,” என்றார் ஆலைக்காரர் கிறகோரி.

மார்க்கண்டருக்கு மூக்கு விடைத்தது. “ஆசாரத்துக்கும் விலையோ?”

“மெசின் கழுவுற கூலி, ஐயா.”

யுத்தகாலம். வழுக்கையாற்றங்கரை நெல் ஆலைக்குக் கூப்பனில் கிடைத்த மண்ணெண்ணெய் மத்தியானம் வரைக்கும் காணாது. கோயிலுக்குள்ளும் கிணற்றடியிலும் விடாத தெருவைச் சேர்ந்த கதிரி, கடகத்தில் நாலு கொத்து நெல்லோடு விடியமுதல் வாசலில் நின்றாள். நேற்றும் எண்ணெய் தீர்ந்து வெறுங்கையோடு திரும்பியவள்.

அவளின் தெருக்காரர் நேற்றுக் குத்திய மெசினைக் கழுவாமல் தன் நெல்லைப் போட விடமாட்டேன், தன் ஆறு மூட்டையும் முடியாமல் அவள் உள்ளே வரவும் கூடாது என்று நின்றார் மார்க்கண்டர். ஆறு மூட்டை முடிந்தால் எண்ணெயும் முடிந்துவிடும்.

“நயினார், பிள்ளையள் ரெண்டு நாளாய்ப் பட்டினி,” என்றாள் கதிரி.

மார்க்கண்டர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. “ஆழ்வாப்பிள்ளையர் இந்த ஆலையைத் துவங்கின நாள்தொட்டுக் கழுவித்தான் எங்கடை நெல்லுப் போடுறது. அவர் ஆசாரம் தெரிஞ்ச மனிசன். குருநகரிலையிருந்து வந்த நீர் இருவத்திரண்டு வருசச் சரித்திரத்தை மாத்தப் பாக்கிறீரோ?”

கிறகோரி சதத்தை வாங்கி மடியில் செருகினார். அழுக்குத் தெறிக்கும் என்று மார்க்கண்டரை ஆற்றங்கரை மருதமரத்தடிக்கு அனுப்பினார். கதிரியிடம், “வாசலிலை நில்லாதை, கடகத்தோடை பின்கதவடிக்குப் போ,” என்றார்.

காசைக் கண்டால் எல்லாரும் ஒன்றுதான் என்று அவள் முணுமுணுத்தது எஞ்சின் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று.

கால்மணி நேரம் ஓடி மெசின் ஓய்ந்தது. மார்க்கண்டர் வந்து இரும்பைத் தடவிப் பார்த்தார். பளபளத்தது. “ஓம், உதுதான் ஆழ்வாப்பிள்ளையர் கழுவுற கழுவல்,” என்று மனம் குளிர்ந்தார்.

ஆறு மூட்டையும் வண்டியேறின. எண்ணெய் தீர்ந்தது. கிறகோரி ஆலையின் பழைய கணக்குக் கொப்பியை எடுத்தார். தண்ணீர் பட்டால் மெசின் கறள் பிடித்துத் துருவேறும். உள்ளே நெல் ஓடினால்தான் துப்புரவாகும். முதற்பக்கத்தில், 1921இல், கதிரியின் தாயின் பெயரில் ஆழ்வாப்பிள்ளையரின் கையெழுத்து: ‘வள்ளி, நெல் ஐந்து கொத்து. கூலி கட்டியவர் மார்க்கண்டரின் தகப்பனார். பாக்கி இல்லை.’

கிறகோரி கடைசிப் பக்கத்தைப் புரட்டி எழுதினார்: ‘கதிரி, நெல் நாலு கொத்து. குத்துகூலி ஐந்து சதம், மார்க்கண்டர் கட்டினது. பாக்கி இல்லை.’